மாளிகைமேட்டுச் செங்கல்

என் ஆயா வீட்டுக் கொல்லைச் சுவரில் ஒரு பத்தடி நீளத்துக்கு மட்டும் செங்கல் வேறு மாதிரி இருக்கும். மீதிச் சுவரெல்லாம் பக்கத்துச் சூளையில் வாங்கிய கல். அந்தப் பத்தடி மட்டும் கனம் குறைந்து, அகலமாக, விரல் முட்டியால் தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் வரும். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் அதைத் தட்டிப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. "அது கோட்டைக் கல்லு ஆயி, மாளிகைமேட்டுல மண்ணு வெட்டப் போனப்போ தாத்தா வண்டில ஏத்திட்டு வந்தாரு" என்று ஆயா சொல்லும். எந்தக் கோட்டை, யார் மாளிகை என்றெல்லாம் அப்போது நான் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் அப்படி ஒரு சுவரோ, ஒரு திண்ணையோ, ஒரு துவைக்கிற கல்லோ இல்லாத தெருவே இல்லை என்பதால் அது ஒரு அதிசயமாகவும் தோன்றவில்லை.

கங்கைகொண்ட சோழபுரம் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் ஒரு கோயில்தான் ஞாபகம் வருகிறது. கும்பகோணத்திலிருந்து சென்னை போகிற ரோட்டில் காரை ஓரம் கட்டி, அரை மணி நேரம் சுற்றிப் பார்த்து, தஞ்சாவூர் கோயிலைவிட உயரம் கம்மிதானே என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விடுகிறார்கள். நான் ஸ்கூலில் படிக்கும்போது டூர் கூட்டிப் போனதும் இதே அரை மணி நேரம்தான். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஏனென்றால் அது ஒரு கோயில் மட்டும் இல்லை, ஒரு தலைநகரம். தஞ்சாவூர் சோழர்களுக்குத் தலைநகராக இருந்தது ஏறக்குறைய 175 வருஷம். இந்த ஊர் 1025 வாக்கில் தொடங்கி, மூன்றாம் ராஜேந்திரனோடு 1279-ல் சோழர் ஆட்சி முடிகிற வரைக்கும், சுமார் 250 வருஷம். முதலாம் ராஜேந்திரனுக்கு அப்புறம் வந்த ராஜாதிராஜன், வீரராஜேந்திரன், 1070-ல் வந்த குலோத்துங்கன் எல்லோருக்கும் இதுதான் தலைநகர். கலிங்கத்துப்பரணி பாடுகிற கங்காபுரி இதுதான். அவ்வளவு பெரிய ஊரில் இன்றைக்கு நிமிர்ந்து நிற்பது அந்த ஒரு கோயில்தான். மீதி எங்கே போனது என்பதைத்தான் நான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டும் நடந்து பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

பெயரின் கதை தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1022, 1023 வாக்கில் ராஜேந்திரனின் படை கலிங்கம் வழியாக வங்காளம் வரை போய், பால வம்சத்து மன்னன் மகிபாலனை வென்று, கங்கை நீரைக் குடங்களில் எடுத்துக்கொண்டு திரும்பியது. ராஜேந்திரன் கோதாவரிக் கரையில் படையை எதிர்கொண்டான். அந்த வெற்றியின் பேரில் கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு புது ஊரைக் கட்டி அங்கே குடிபோனான். அப்பா ஆண்ட தஞ்சாவூரை விட்டு ஏன் வந்தான் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான். தஞ்சாவூரிலிருந்து வடக்கே படை கிளம்பினால் காவிரி, கொள்ளிடம் என்று ஆறு ஆறாகக் கடக்க வேண்டும். சாளுக்கியனோடு ஓயாமல் சண்டை, காஞ்சிபுரம் பக்கம் அடிக்கடி போக வேண்டிய நிலைமை, அப்படி இருக்கிறவனுக்குக் கொள்ளிடத்தின் வடகரையில், வெள்ளம் ஏறாத செம்மண் மேட்டில் ஊர் அமைந்தால் வசதி. ஆனால் அந்த மேட்டில் தண்ணீர் இல்லை. இன்றைக்கும் முந்திரியும் பனையும்தான் அங்கே தானாக வளரும். அதனால் ஊரைக் கட்டும்போதே ஏரியையும் சேர்த்துக் கட்டவேண்டி வந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சுற்றியிருக்கிற ஊர்களின் பேரைப் பாருங்கள். உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், செங்கல்மேடு, சுண்ணாம்புக்குழி, வீரசோழபுரம், கடாரங்கொண்டான். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப் ஸ்டாப்பாகக் கூவுகிற பேர்கள் இவை. உட்கோட்டை என்றால் கோட்டைக்கு உள்ளே இருந்த பகுதி. மெய்க்காவல் என்றால் ராஜாவின் உடம்பைக் காக்கிற படை, அவர்கள் குடியிருந்த இடம். செங்கல் அறுத்த இடம், சுண்ணாம்பு அரைத்த இடம் எல்லாம் ஊர்ப் பேராகவே நின்றுவிட்டன. கடாரங்கொண்டான் என்பது கடல் தாண்டி மலாய்க் கரையில் கடாரத்தை வென்ற 1025-ம் வருஷப் படையெடுப்பின் பட்டப் பெயர். சுவர் போய்விட்டது, அரண்மனை போய்விட்டது, ஆனால் அந்த நகரத்தின் வரைபடம் மட்டும் ஆயிரம் வருஷமாக ஜனங்களின் வாயில் அழியாமல் இருக்கிறது. எங்கள் மாமா ரேஷன் கார்டில் விலாசம் எழுதும்போது ஒரு சோழப் படைவீட்டின் பேரைத்தான் எழுதுகிறார்.

கல்வெட்டுகளில் இன்னும் நுணுக்கமாக இருக்கிறது. கோட்டையின் கிழக்கு வாசலுக்கு ராஜராஜன் திருவாசல் என்று பேர், தெற்கு வாசலுக்கு வேம்புகுடி வாசல். வேம்புகுடி இன்றைக்கும் தெற்கே ஒரு கிராமமாக இருக்கிறது. சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்டசோழன் திருமாளிகை என்று அரண்மனைகள். ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி, குலோத்துங்கசோழன் திருமதில் பெருவழி என்று ரோடுகள். இதற்கு நடுவில் ஒரு ரோட்டுக்குப் பேர் கூளையானை போன பெருவழி! கூளை என்றால் குட்டை. ஏதோ ஒரு குட்டை யானை அந்த வழியாக ஒருநாள் போயிருக்கிறது, ஊரே நின்று பார்த்திருக்கிறது, அதையே ரோட்டுக்குப் பேராக வைத்துவிட்டார்கள், அது அரசாங்க ஆவணத்திலும் ஏறிவிட்டது. ராஜாக்களின் பேரெல்லாம் படித்து அலுத்துப் போகும்போது இந்த ஒரு பேர் எனக்கு அந்த ஊரை உயிரோடு காட்டிவிடுகிறது. அந்த வழியில் பிள்ளைகள் ஓடியிருக்கும், மோர் விற்றிருப்பார்கள், யானை சாணியைக் கூட்டிப் பெருக்க யாரோ அலுத்துக்கொண்டிருப்பார்கள்.

மாளிகைமேடு கோயிலிலிருந்து தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டர். தமிழக அரசின் தொல்லியல் துறை 1980-களில் அங்கே தோண்டியது, அப்புறம் 2021-லிருந்து மறுபடியும் தோண்டுகிறார்கள். மேலே கொட்டகை போட்டு, கீழே குழிக்குள் செங்கல் சுவர்களின் அடிப்பகுதி தெரியும். கோயிலைப் பார்த்த கண்ணோடு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் புது வீட்டுக்குக் கடைக்கால் போட்ட மாதிரிதான் இருக்கும். நின்று பார்க்க வேண்டும். சுவர் ஒரு மீட்டருக்கும் மேல் அகலம். ஆங்காங்கே ஒரு கருங்கல், அதன் மேல்தான் மரத்தூண் நின்றது. குவியல் குவியலாகக் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் கிடைத்திருக்கின்றன. அதாவது அரண்மனை செங்கல்லும் மரமும் ஓடும். சாமிக்குக் கருங்கல், ராஜாவுக்கு மரம். அதனால்தான் கோயில் நிற்கிறது, மாளிகை மேடாகிவிட்டது. மரம் கறையானுக்குப் போனது, செங்கல் எங்கள் தாத்தா மாதிரி ஆட்களின் வண்டியில் போனது. நூற்றுக்கணக்கான வருஷம் சுற்றுவட்டாரத்துக்கே அதுதான் செங்கல் சூளை. தாத்தாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, மேட்டில் கிடந்த கல், வீட்டில் மழைக்கு இடிந்த சுவர், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இருந்தாலும் அந்தக் குழியின் ஓரத்தில் நிற்கும்போது, வரிசை நடுவில் கல் உருவப்பட்டு வெறும் மண்ணாகத் தெரிகிற இடங்களைப் பார்த்தால் நெஞ்சு என்னவோ செய்கிறது.

அங்கே சீனத்துப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. இந்த ஊரிலிருந்து ஆண்ட சோழர்கள் சீனத்துக்கு 1033-லும் 1077-லும் தூது அனுப்பியதைச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன, 1077-ல் போனவர்கள் 72 பேர். முந்திரிக் காட்டு நடுவில் கிடக்கிற ஒரு பீங்கான் சில்லு எங்கிருந்து புறப்பட்டு, எந்தக் கப்பலில் ஏறி, எந்த வண்டியில் வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஏரி. திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது, ராஜேந்திரன் கங்கை நீரால் ஆன வெற்றித் தூணாக ஒரு ஏரியை வெட்டினான், அதற்குச் சோழகங்கம் என்று பேர் என்று. மற்ற ராஜாக்கள் ஜெயித்த இடத்தில் கல்தூண் நடுவார்கள். இவன் படுத்துக் கிடக்கிற ஒரு தூணை, அதுவும் தண்ணீரில், தன் வீட்டு வாசலில் நட்டிருக்கிறான். இந்தக் கற்பனைக்காகவே அவன் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை. 1855-ம் வருஷத்து வெள்ளைக்காரக் குறிப்பு ஒன்று இந்த ஏரியைப் பற்றிப் பேசுகிறது. தெற்கு வடக்காக 16 மைல் நீளக் கரை, பலமான மதகுகள், தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைல் நீளத்துக்கு ஒரு வாய்க்கால், வடக்கே வெள்ளாற்றிலிருந்து இன்னொன்று. ஒரு காலத்தில் இந்தியாவிலேயே பெரிய ஏரிகளில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும், இப்போது தூர்ந்து உள்ளே அடர்ந்த காடாகக் கிடக்கிறது என்கிறது. படையெடுத்து வந்த எதிரிகள் வேண்டுமென்றே கரையை உடைத்துவிட்டார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறது. இன்றைக்கு அதன் பேர் பொன்னேரி. பழைய கரையின் நீளத்தை மனதில் வைத்துக்கொண்டு இப்போது தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்த்தால் ஒரு மூலை மட்டும்தான் மிச்சம். மழை பெய்த வருஷங்களில் கரையில் நின்றால் நாரையும் தாமரையுமாக மனசு நிறைந்துவிடும். பெய்யாத வருஷத்தில் ஆடு மேயும். தூர்வாரிச் சீரமைப்போம் என்று 2025-ல் அரசு அறிவித்திருக்கிறது, முழுதாகச் செய்து முடித்தால் அந்த ஊருக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு கிடையாது.

இதே 1855 குறிப்பில்தான் என்னை ரொம்பவும் தொந்தரவு செய்த இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1836-ல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அதற்குக் கல் வேண்டும். கம்பெனி ஆட்கள் கோயிலின் கருங்கல் மதிலை ஏறக்குறைய முழுசாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள், சிற்ப வேலைப்பாடுள்ள கற்களும் சேர்ந்து போயின. ஊர் ஜனங்கள் தங்களால் முடிந்த மட்டும் தடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள், அது நிறைவேறவே இல்லை என்று அந்தக் குறிப்பை எழுதியவரே வருத்தத்தோடு முடிக்கிறார். தடுக்கப் போன ஜனங்களின் பேர் ஒன்றுகூட அதில் இல்லை. மெய்க்காவல்புத்தூர்க்காரர்களும் உட்கோட்டைக்காரர்களும்தான் போயிருப்பார்கள், வேறு யார் போவார்கள். கையில் ஆயுதம் இல்லாமல், சாமி கோயில் கல்லை எடுக்காதே என்று வண்டிக்கு முன்னால் நின்றவர்கள். இந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராஜேந்திரனை நினைக்கிற நேரத்தில் கொஞ்சத்தை அவர்களுக்கும் ஒதுக்க வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து வரும்போது பழைய அணைக்கரைப் பாலத்தில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போகும். அம்மா ஜன்னல் வழியாகக் கீழே கையைக் காட்டி, "இதெல்லாம் நம்ம கோயில் கல்லு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ரொம்ப நாள் எனக்கு அது வெறும் கோபமாகத்தான் இருந்தது. அப்புறம் சென்னைக்கு வேலைக்கு வந்து, வீராணம் தண்ணீர் குழாயில் வருகிறது என்று கேள்விப்பட்டபோது ஒரு கணக்கு மனசில் ஓடியது. கீழணையில் தேங்குகிற தண்ணீர் வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிறது. வீராணம் ராஜேந்திரனுக்கும் நூறு வருஷம் முன்னால், முதலாம் பராந்தகன் காலத்தில் அவன் மகன் ராஜாதித்தன் வெட்டிய ஏரி. அங்கிருந்து 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. அப்படியென்றால் ராஜேந்திரன் கோயிலுக்கு எழுப்பிய மதில் ஆற்றின் குறுக்கே படுத்துத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அந்தத் தண்ணீரை நான் ஒரு செம்பில் பிடித்துக் குடிக்கிறேன். செய்தது நியாயம் என்று இதனால் நான் சொல்லவில்லை. பிரித்தது பிரித்ததுதான், தண்டித்தது தண்டித்ததுதான். ஆனால் அவன் வெட்டிய ஏரி செத்துப் போய், அவன் வைத்த கல் ஏரியின் வேலையைச் செய்கிறதே என்று நினைக்கும்போது, கோபத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கோயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. விமானம் சுமார் 55 மீட்டர், தஞ்சாவூரைவிடக் குறைவுதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் அளப்பதை விட்டுவிட்டு வளைவைப் பாருங்கள். தஞ்சாவூர் விமானம் நேர்கோட்டில் ஏறும். இது கொஞ்சம் உள்வாங்கி, இடுப்பு ஒடித்து ஏறும். சாயங்கால வெயிலில் மேற்குப் பக்கப் புல்தரையில் உட்கார்ந்து பார்த்தால் கல் என்கிற எண்ணமே வராது. வடக்குப் படி ஏறும் இடத்தில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவன் தன் கையாலேயே சண்டேசருக்குத் தலையில் பூமாலை சுற்றுகிறார், சண்டேசர் கை கூப்பித் தலை குனிந்திருக்கிறார், பக்கத்தில் பார்வதி. மாலை வாங்குவது ராஜேந்திரனேதான், கங்கையை வென்றவனுக்குச் சாமி சூட்டுகிற மாலை அது என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் அதில் ராஜாவைத் தேடுவதில்லை. அந்த விரல்கள் மாலையைச் சுற்றுகிற பக்குவத்தைப் பாருங்கள், ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா பின்னல் கட்டிவிடுகிற மாதிரி இருக்கும்.

மகாமண்டபத்தில் நவக்கிரகம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். ஒரே சதுரக் கல்லில் தாமரை, அதையே சூரியனின் தேராக ஏழு குதிரைகள் இழுக்கின்றன, சுற்றி மற்ற கிரகங்கள். சாளுக்கிய நாட்டுக் கைவேலை, படையோடு வந்தது. செங்கல்மேட்டுக் காளி கோயிலில் கலிங்கத்திலிருந்து வந்த செம்மணற்கல் சிற்பங்கள் இருக்கின்றன. எங்கள் ஊர்க் கருங்கல்லுக்கு நடுவில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியும். தோற்ற ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பது கீழணைக் கதை தெரிந்த நமக்குப் புரியாமல் போகாது. கொண்டுவந்த சாமியை ஆயிரம் வருஷமாக விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருப்பதும் அதே ஜனங்கள்தான்.

பெரிய கோயிலுக்கு இரண்டு பக்கமும் வடகைலாயம், தென்கைலாயம் என்று இரண்டு சின்னக் கோயில்கள். வடக்கே உள்ளதில் இப்போது அம்மன் இருக்கிறார். தெற்கே உள்ளது காலி. கருவறைக்குள் வெறும் இருட்டு. என்னோடு வருகிறவர்களை நான் அங்கேயும் கூட்டிப்போய் ஒரு நிமிஷம் நிற்க வைப்பேன். இந்தக் கோயில் 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததற்கு அப்புறம் புல்தரையெல்லாம் அழகாக இருக்கிறது, ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு ஊர் ஊராக ஜனம் திரள்கிறது, ஆடித் திருவாதிரைக்கு ராஜேந்திரனின் பிறந்தநாள் விழா நடக்கிறது. 13 அடி உயர லிங்கம் மூட்டை மூட்டையாக வடித்த சோற்றில் மூடிக் கிடப்பதை ஒருதடவையாவது பார்க்க வேண்டும். கூட்டம் கலைந்ததும் தெற்குக் கைலாயத்துக்குப் போங்கள்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகிறவர்கள் அரை நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் முதலில் மாளிகைமேடு, அங்கிருந்து உட்கோட்டைத் தெருக்கள், செங்கல்மேட்டுக் காளி, பொன்னேரிக் கரை, கோயில் கடைசியாக, சாயங்காலம். தெருவில் யாராவது பெரியவர் உட்கார்ந்திருந்தால் பேச்சுக் கொடுங்கள். எங்கள் வீட்டில் கிணறு தோண்டும்போது இது வந்தது, அது வந்தது என்று அவர்களே எடுத்துக் காட்டுவார்கள்.

ஆயா காலமான பிறகு மாமா வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார். கொல்லைச் சுவரும் போனது. அந்த மெல்லிய கற்கள் இப்போதைய கல்லோடு வரிசை சேராது என்று கொத்தனார் ஓரமாகத் தள்ளிவிட்டார். மாமா அவற்றை வீணாக்காமல் புளியமரத்தடியில் அடுக்கி வைத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், உடையாமல் இருப்பது நாற்பத்தி மூன்று. மாளிகைமேட்டில் தோண்டுகிறவர்களிடம் கொடுத்துவிடலாம் மாமா என்றேன். "குடுத்துடலாம்மா, ஆனா ஒண்ணே ஒண்ணு நம்ம வாசப்படில பதிச்சுக்கட்டுமா, அப்பா தூக்கிட்டு வந்ததாச்சே" என்று கேட்டார். அந்த ஒன்றைப் பற்றி நான் இன்னும் பதில் சொல்லவில்லை.